உப்பு வெளிக் கோச்சியில் வந்தவர்

எனக்குப் பேயிலும் பிசாசிலும் ஒரு நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டவர்களில் பாதிப் பேர் வாயால் ஒன்றும் சொல்லாமல் பார்வையாலேயே கிழவிக்கு வயது போய்விட்டது என்று சொன்னார்கள். இரத்தோட்டைக்கு மேலே நான் வேலை செய்த தோட்டத்தில் முனி இல்லாத மரமும் கிடையாது, மோகினி இல்லாத ஆற்றங்கரையும் கிடையாது. அந்த மரங்களுக்குக் கீழாகத்தான் முப்பத்தொன்பது வருடம் இருட்டோடு எழுந்து தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனேன். அட்டை கடித்தது, குளவி கொட்டியது, ஒரு தடவை காட்டுப்பன்றி விரட்டியது. வேறு ஒன்றும் என்னை விரட்டவில்லை. மோகினியைக் கண்டதாகச் சொன்ன ஆம்பிளைகள் எல்லாரும் சம்பள நாளில்தான் கண்டார்கள்.

அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது இருட்டில் நடந்ததுகூட இல்லை. எனக்குப் பட்டப்பகல் பன்னிரண்டு மணி, அடுப்பில் சோறு கிடந்தது.

இப்போது நான் மாத்தளை டவுனில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிறேன், மகன் முரளி வாங்கித் தந்த சின்ன வீடு. கண்டிப் பக்கமிருந்து வருகிற கோச்சிக்கு இதுதான் கடைசி ஊர். தண்டவாளம் வந்து ஒரு கட்டையில் முட்டி அப்படியே நின்றுவிடும், அதற்கு அப்பால் புல்தான். முரளி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைக் காட்டி, ஏன் இதோடு நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டான். கம்பி முடிந்து போயிருக்கும் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

அந்தப் பிள்ளை எங்கேயோ போய்விட்டான். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை, போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. நல்ல பிள்ளை, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவன் அப்பாவுக்கு இருந்த சீனி வருத்தம் இவனுக்கும் இளம் வயதிலேயே வந்துவிட்டது. தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்வான்.

என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது. ஊசியைப் போட்டுக்கொண்டு, பசியில்லை என்று சாப்பிடாமல் படுத்தார். அவருக்கு வியர்த்தது, நான் துணியால் ஒற்றினேன். உதடு ஒரு பக்கமாகத் துடித்தது, கனவு காண்கிறார் என்று நினைத்தேன். அலுப்பில் தூங்குகிற மனிதனை எதற்கு எழுப்ப வேண்டும் என்று பக்கத்திலேயே இருந்து கீரை ஆய்ந்தேன். கீரை ஆய்ந்து முடிந்தபோது அவர் இல்லை. சீனி கூடினால் மட்டுமில்லை, குறைந்தாலும் ஆளைக் கொல்லும் என்று எனக்கு அதுவரை ஒருவரும் சொல்லித்தரவில்லை. வீட்டில் அரை போத்தல் சீனி இருந்தது. ஒரு கரண்டி வாயில் போட்டிருந்தால் போதும் என்று பிறகு டிஸ்பென்சரியில் சொன்னார்கள். அந்த ஒரு கரண்டியை இன்றைக்கும் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முரளிக்கு ஒரு காதில் ஆப்பரேஷன் நடந்தது. அதே நேரத்தில் அந்த நாட்டின் மேற்குக் கடல் பக்கம் ஒரு புது வேலையும் கிடைத்தது. காது ஆறும் வரைக்கும் பிளேன் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கோச்சியில் புறப்பட்டான். சிக்காகோ என்ற ஊரில் பின்னேரம் ஏறினால் இரண்டு இரவும் இரண்டு பகலும் ஓடி மூன்றாம் நாள்தான் இறங்கலாமாம். நான் மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போவதற்கே இடுப்புப் பிடித்துக்கொள்கிறவள். தனி அறை, கட்டில், சாப்பாட்டுப் பெட்டி, மலை பார்ப்பதற்கென்றே கண்ணாடி வைத்த பெட்டி என்று அவன் ஒவ்வொன்றாகப் போனில் காட்டினான். அந்தப் பாதை நூற்றைம்பது வருடத்துக்கும் பழையது என்றான். மேற்குக் கோடியில் சீனாவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் மலையை உளியால் உடைத்துப் போட்ட பாதையாம், பனியிலும் வெடியிலும் எத்தனையோ பேர் செத்தார்களாம், ஒருவருடைய பேரையும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லையாம். "நம்ம ஆளுங்க மாதிரி தாம்மா" என்றான். கூலிக்குக் கப்பலேறித் தோட்டம் போட வந்த எங்கள் பாட்டன்மாரைச் சொன்னான். போனில் அப்போது ஒரு மலை தெரிந்தது, சிவப்பு மலை, அடியில் ஆறு. எங்கள் மலையெல்லாம் அதற்கு முன்னால் பிள்ளைகள் கூட்டிய மண்.

இந்த இடத்தில் என்னுடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பயணம் போகிறவர் பாதை முடுக்கில் திரும்பிக் கண்ணுக்கு மறையும் வரைக்கும் வாசலில் நிற்போம். அவர் பாதையில் நடக்கும்போதே உள்ளே போய்க் கதவைச் சாத்துவது ஆகாது. அதனால் போனிலும் நான் சிவப்புப் பொத்தானைத் தொட மாட்டேன். பச்சையை அமத்துவேன், சிவப்பு மகனுடைய வேலை. அடுத்த வீட்டு நிஹாரா, எனக்குப் போன் பழக்கியவள், எனக்கு ஏழெட்டு வயது இளையவள், இதற்காகவே என்னைக் கேலி பண்ணுவாள். அமெரிக்காவுக்கு என்ன முடுக்கு ஈக்கிது அக்கா என்பாள்.

இரண்டாம் இரவு, அதாவது எனக்கு இரண்டாம் பகல், நான் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்து இருந்ததும் முரளி எடுத்தான். அவனுக்கு நடுச்சாமம். கட்டிலில் படுத்திருந்தான். அறைக்குள் சின்னதாக ஒரு நீல விளக்கு, போனை ஜன்னல் ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தான். வெளியே பாருங்கம்மா என்று ஒரு தடவை போனைத் திருப்பினான். கடவுளே, அதை நான் எப்படிச் சொல்வேன். நிலா வெளிச்சத்தில் தரை முழுக்க வெள்ளை. மரம் இல்லை, வீடு இல்லை, விளக்கு இல்லை. எல்லாம் உப்பாம். புத்தளத்தில் பஸ்ஸில் போகும்போது உப்பளம் கண்டிருக்கிறேன், அது பாத்தி பாத்தியாக மனிதன் கட்டியது. இதற்குக் கரையே இல்லை. பூமியைக் கழுவிக் காயப்போட்ட மாதிரிக் கிடந்தது.

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பாட்டுப் பெட்டியில் கூட்டம், கொஞ்சமாகத்தான் சாப்பிட்டேன், ஊசி போட்டாயிற்று என்று சொன்னான். பிஸ்கட்டாவது தின்னச் சொன்னேன். உம் கொட்டினான், அப்படியே பேசிக்கொண்டிருந்தவன் கண்ணை மூடிவிட்டான். போனை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. பிள்ளை தூங்குவதைப் பார்த்து எவ்வளவு காலம், பார்ப்போமே என்று இருந்தேன்.

எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. அவன் நெற்றி மினுங்கியது. முதலில் நீல விளக்கு என்று நினைத்தேன். பிறகு அது சொட்டாக உருண்டு மூக்கோரம் இறங்கியது. அவன் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது.

நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. ஆனால் அவன் ஆப்பரேஷன் செய்த காதில் பஞ்சு, நல்ல காது தலையணைக்குள். கோச்சிச் சத்தம் வேறு. நிஹாரா அன்றைக்கென்று கலேவெலையில் சாவு நடந்த ஒரு மையித்து வீட்டுக்குப் போயிருந்தாள். வேறு யாருக்காவது எடுக்க வேண்டுமென்றால் இதை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் பிள்ளை முகம் போய்விடும், எடுத்தாலும் யாருக்கு எடுப்பேன், அந்த உப்பு வெளியில் எனக்கு யாரைத் தெரியும். ரோட்டுக்கு ஓடினாலும் அங்கே யாரால் என்ன செய்ய முடியும். சீனிப் போத்தல் என் கண்ணுக்கு முன்னால் தட்டில் இருந்தது. மறுபடியும் அதே சீனிப் போத்தல்.

அப்போதுதான் அந்த அறைக் கதவில் தொங்கிய திரைச்சீலை அசைந்தது. கதவு திறந்ததை நான் காணவில்லை. ஒரு பெரியவர் உள்ளே நின்றார். நல்ல கறுப்பு, தலை பஞ்சாக நரைத்திருந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான், அப்படியொரு வெளுப்பும் மடிப்பும். கையில் தொப்பி. தலையைக் கொஞ்சம் குனிந்து, தோளை ஒடுக்கி, இடத்தை அடைக்காமல் நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். துரை பங்களாவில் வேலை செய்த எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள்.

அவர் முரளியைப் பார்த்தார். பிறகு திரும்பி நேராக என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார் என்று சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். குனிந்து மரியாதையாக என்னவோ கேட்டார். இங்கிலீஷ். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை.

நான் கூச்சம் பிடித்தவள். பஸ்ஸில் இறங்க வேண்டும் என்று சொல்ல வாய் வராமல் அடுத்த ஹோல்ட்டில் இறங்கி நடந்து வருகிறவள். சட்டை போட்ட ஒரு மனிதர் முன்னால் நின்று ஏதாவது கேட்டால் எனக்குப் பேர் வராது. கொழுந்து நிறுக்கும்போது கணக்குப்பிள்ளை தலையை நிமிர்த்தாமல் கேட்பார், நாங்கள் தோட்டப் பேரேட்டில் எங்களுக்குப் போட்ட செக்ரோல் நம்பரைச் சொல்வோம், அவர் எழுதுவார். முப்பத்தொன்பது வருடம். ஒரு தடவை கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி பேர் கேட்டபோது நம்பரைச் சொல்லிவிட்டு, எல்லாரும் சிரிக்க, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தேன். அன்றைக்கும் அதுதான் நடந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறான், நான் அவருக்குச் சொன்ன முதல் வார்த்தை, "இருபத்தேழு, ஐயா."

இதை நான் முரளிக்குச் சொல்லவில்லை. நிஹாராவுக்கும் சொல்லவில்லை. வெட்கம். இந்தக் கொப்பியில்தான் முதல் தடவை எழுதுகிறேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார், பதிந்துகொண்ட மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை திறந்துவிட்டது.

"ஐயா, எம் மகனுக்குச் சீனி எறங்குது. வாயில கொஞ்சம் சீனி போடுங்க ஐயா. தூங்கலைங்க அவன், தூங்குற மாதிரி இருக்கான்."

தமிழில்தான் சொன்னேன், வேறு எதில் சொல்வேன். அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு சீனிக் கட்டி எடுத்தார். வெள்ளியில் செய்த மாதிரி ஒரு சின்னத் தண்ணீர்க் கூசா அவரிடம் இருந்தது, அதிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கரைத்தார். கட்டிலோரத்தில் முழங்கால் போட்டு, முரளியின் தலையை முழங்கையில் ஏந்தி, விரலால் தொட்டுத் தொட்டு அவன் பல் ஈறில் தடவினார். அவசரமே இல்லை. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற மாதிரி. வெளியே அந்த வெள்ளைத் தரை ஓடிக்கொண்டே இருந்தது, உள்ளே அந்தக் கறுத்த விரல் போய்ப் போய் வந்தது. எனக்குப் பயம் என்பது ஒரு துளிகூட இல்லை. கோயிலில் திரை விலகித் தீபம் காட்டும்போது ஒருவரும் பேசாமல் இருப்போமே, அப்படி இருந்தேன்.

முரளி உமிழ்நீர் விழுங்கினான். கொஞ்சம் கழித்து முனகிக்கொண்டு மற்றப் பக்கம் புரண்டான். உதட்டுத் துடிப்பு நின்றிருந்தது. பெரியவர் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு குனிந்து, கட்டிலுக்குக் கீழிருந்த முரளியின் தோல் சப்பாத்து இரண்டையும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. என் பக்கம் ஒரு தடவை தலை குனிந்தார். நானும் கை கூப்பினேன். போன் கறுத்துவிட்டது.

மையித்து வீட்டிலிருந்து திரும்பிய நிஹாரா என்னை உலுக்கியபோதுதான் நான் எழும்பினேன், தூங்கி எழும்பவில்லை, இருந்த இடத்திலிருந்து எழும்பினேன். வீடு முழுக்கப் புகை.

"என்னக்கா, சோறு கரியாகி ரோட்டு வரைக்கும் நாறுது. இங்க என்ன செஞ்சிக்கிட்டு ஈக்கிறீங்க?"

மணி இரண்டு. சொன்னேன். அவள் சட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து போனை வாங்கிப் பார்த்தாள். முரளிக்கு எடுத்தாள், போகவில்லை. திரும்பவும் எடுத்தாள். பிறகு போனைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துக்கொண்டு சத்தத்தைத் தாழ்த்திச் சொன்னாள், "அக்கா, இந்தக் கோல் பன்னண்டு மணிக்கே கட்டாகிட்டு. பதினோரு நிமிஷம் தான் ஓடி ஈக்கிது."

சோறு கரியாகும் வரைக்கும் நான் போனில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பதினோரு நிமிடத்தில் சட்டிச் சோறு கரியாகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பின்னேரத்தை நான் எழுதவில்லை. நிஹாரா தன் வீட்டுக்குப் போகவே இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்ந்து மஹ்ரிப் பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. முரளிதான். அவனுக்கு விடிந்திருந்தது. நான் ஒரு வார்த்தையும் முந்தவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவனாகவே சொன்னான்.

"அம்மா, ராத்திரி எனக்கு லோ ஆகியிருக்கு போல. நெஞ்செல்லாம் வேர்வை. ஆனா வாயெல்லாம் இனிக்குது. நான் எந்திரிச்சு எதுவும் திங்கலம்மா."

இரவு அவன் தூங்கின பிறகு விடியும் வரைக்கும் அந்த உப்பு வெளியில் சிக்னலே இல்லையாம். கதவுக் கொக்கி உள்ளே போட்டபடியே இருந்ததாம். பிறகு, இன்னொரு விசயம் என்றான். சிக்காகோ மழையில் சேறு பட்டு வெளுத்துப் போயிருந்த சப்பாத்து, கட்டிலுக்குக் கீழே முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டு ஜோடியாக இருந்ததாம்.

அப்போதுதான் நான் சொன்னேன். அவன் நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. அவனுடைய பெட்டிக்குப் பொறுப்பாக ஒரு பொம்பளை இருந்தாள், அவளும் கறுத்த இனம்தான். அவளிடம் போய் விசாரித்தான். இந்தக் கோச்சியில் வெள்ளைச் சட்டை ஆள் யாருமில்லை என்று சிரித்தாளாம். சப்பாத்தைக் கையில் கொடுத்ததும் சிரிப்பு நின்றதாம். அவளுடைய தாத்தா இதே பாதையில் வெள்ளைச் சட்டை போட்டுப் படுக்கைப் பெட்டியில் வேலை செய்தவராம். அந்தக் காலத்தில் படுக்கைப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுத்த ஆள். அடிமையாக இருந்தவர்களின் பிள்ளைகளைத்தான் முதலில் சேர்த்தார்களாம். இரவில் மூன்று மணித்தியாலம் தூங்கினால் பெரிசு. மற்ற நேரம் மணி அடித்தால் ஓட வேண்டும், எல்லாரும் தூங்கின பிறகு அத்தனை பேரின் சப்பாத்தையும் துடைத்து விடியுமுன் வைக்க வேண்டும். யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது, கம்பெனி முதலாளியின் பேரைச் சொல்லித்தான் எல்லாரையும் கூப்பிடுவார்களாம். சங்கம் கட்டி, வருடக்கணக்காகச் சண்டை பிடித்துத்தான் சம்பளமும் மரியாதையும் வாங்கினார்களாம். அந்த வேலையெல்லாம் இல்லாமல் போய் எத்தனையோ காலம் என்றாளாம். சப்பாத்தைத் திருப்பித் தரும்போது இரண்டு கையாலும் தந்தாளாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் அர்ச்சனைக்குப் போனேன். பேர், நட்சத்திரம் என்று ஐயர் கேட்டார். முரளியின் பேரைச் சொன்னேன். இன்னொருவருக்கும் செய்ய வேண்டும் என்றேன். பேர் என்று மறுபடியும் கேட்டார். அந்தப் பெரியவருக்கு முதலாளியின் பேரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேர் தெரியாது, நல்ல மனிதர் என்றேன். ஐயர் என்னைப் பார்த்துவிட்டு, அம்மனுக்குத் தெரியும் என்று சொல்லிப் பூவைப் போட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் கொப்பி வாங்கி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

போன சித்திரைக்கு முரளி வந்தான். பெட்டியில் அந்தச் சப்பாத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அன்றிலிருந்து போடவே இல்லையாம், போட மனம் வரவில்லையாம். நான் மடியில் வைத்து ஒன்றைத் திருப்பினேன். அடியில் வெண்கட்டியால் என்னவோ எழுதியிருந்தது. அதைப் பற்றி அவன் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

"ஓ, அதுவா? அந்தக் காலத்துல சப்பாத்து மாறிப் போகாம இருக்க, யாரோடதுன்னு அடியில படுக்கை நம்பரை எழுதுவாங்களாம். அந்தப் பொம்பளைதான் சொன்னா. ஆனா இது தப்பும்மா. என் ரூம் ஆறு. அந்தப் பெட்டியில இந்த நம்பரே இல்லையாம்."

நான் மற்றதையும் திருப்பினேன். அதிலும் அதுதான். இரண்டையும் ஜோடியாக மடியில் வைத்துக்கொண்டு, சும்மா கேட்கிற மாதிரி, என்னுடைய செக்ரோல் நம்பர் உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்? நான் போர்டிங்ல தானே வளந்தேன். என்ன நம்பர் ஒங்களுக்கு?"

மறந்துவிட்டது என்று சொன்னேன்.

அவன் போகும்போது அதை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன், விட்டுவிட்டுப் போனான். அலுமாரிக்கு மேல் இருக்கிறது. இப்போது கார்த்திகை மழை, இந்த ஊரில் தோல் சாமான் எல்லாம் பூசணம் பிடித்துவிடும். என் செருப்பு வார்கூடப் பச்சையாகிவிட்டது. அந்தச் சப்பாத்தில் ஒரு பொட்டுப் பூசணம் இல்லை. இன்று காலையிலும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு அடியிலும் இருபத்தேழு, கை பட்டால் அழிகிற வெண்கட்டி, நேற்று எழுதியது போல.

நான் அவரிடம் அதைத் தமிழில்தான் சொன்னேன்.